மணியோசை மட்டும் போதுமா?



என் பாட்டி தம் இளமைக்காலத் திருப்பலியைப் பற்றி அடிக்கடி கூறுவார். குருவானவர் பீடத்தை நோக்கி நின்று இலத்தீனில் மன்றாடுவார். இடையிடையே மக்கள்பக்கம் திரும்பி 'தோமினுஸ் வோபிஸ்கும்' என்பார். மறுமொழி பீடச் சிறுவர்களிடமிருந்து வரும். பாட்டியோ தமிழில் செபமாலை சொல்லிக்கொண்டிருப்பார். "ஒன்றும் புரியாமல் எப்படி இருந்தீர்கள்?" என்று ஒருமுறை கேட்டேன். "மணி அடித்தால் ஆண்டவர் எழுந்தருளிவிட்டார் என்று தெரியும். தலை வணங்குவோம்" என்றார்.

தமிழில் செபிப்பது நம் முன்னோர்க்குப் புதிதன்று. 1578-ஆம் ஆண்டிலேயே அண்டிரிக் அடிகளாரின் 'தம்பிரான் வணக்கம்' கொல்லத்தில் அச்சேறியது. ஆயினும் அதன்பின் ஏறத்தாழ நான்கு நூற்றாண்டுகள் வீட்டில் தமிழும் பீடத்தில் இலத்தீனுமாகவே வாழ்ந்தோம். 1963 டிசம்பர் 4 அன்று இரண்டாம் வத்திக்கான் சங்கத்தின் திருவழிபாட்டுக் கொள்கைத்திரட்டு 2,147 வாக்குகள் ஆதரவாகவும் 4 எதிராகவும் பெற்று வெளியாயிற்று. அது இலத்தீனை விலக்கவில்லை. மக்களின் மொழிகளுக்கு வாயிலைத் திறந்தது. இறைமக்கள் வழிபாட்டில் ஊமைப் பார்வையாளராய் நிற்றலாகாது, உணர்ந்து பங்கேற்க வேண்டும் என்பதே அதன் நோக்கம்.

பீடத்தில் தமிழ் ஒலித்தபோது, மறைபொருளின் மாண்பு குறைந்துவிட்டதாகச் சில பெரியவர்கள் வருந்தினார்களாம். பாட்டியோ செபமாலையைப் பைக்குள் வைத்துவிட்டாராம். "இனி நானும் பதில் சொல்ல வேண்டுமே!" என்றாராம்.

இவற்றையெல்லாம் அறிந்திருந்தும் நான் தவறினேன். நம் கும்மிடிப்பூண்டி சிப்காட் ஆலைகளில் உழைக்கும் ஒடிசா, ஜார்க்கண்ட் சகோதரர்கள் ஞாயிறுதோறும் கடைசி வரிசையில் நிற்பதைக் கண்டிருப்பீர்கள். அவர்களுக்காக ஒரு வாசகத்தையாவது இந்தியில் வாசிக்கலாமா என்று பங்குப் பேரவையில் ஒருவர் கேட்டார். "தமிழ்நாட்டுக்கு வந்தவர்கள் தமிழ் கற்கட்டும்" என்று சொல்லி அப்பேச்சை முடித்துவிட்டேன்.

சென்ற ஞாயிறு, சுந்தர்கட் மாவட்டத்து இளைஞர் ஒருவரிடம், பூசை புரிகிறதா என்று விசாரித்தேன். அவர் தயக்கத்துடன் புன்னகைத்து, அரைகுறைத் தமிழில், "மணி அடித்தால் தெரியும், ஃபாதர்" என்றார்.

அன்றிரவு எனக்கு உறக்கம் வரவில்லை. பாட்டிக்கு இலத்தீன் எதுவாக இருந்ததோ, அவருக்கு என் தமிழ் அதுவாகிவிட்டது. சொல்வது விளங்காதவர் எவ்வாறு 'ஆமென்' என்பார் என்று பவுல் அடியார் கொரிந்தியருக்கு எழுதிய முதல் திருமுகத்தின் 14-ஆம் அதிகாரத்தில் கேட்கிறார். அக்கேள்வியை இத்தனை ஆண்டுகள் பிறருக்குப் போதித்தேன். இப்போது அது என்னை நோக்கி நிற்கிறது.

தமிழ் நம் பீடத்தை விட்டு நீங்கப்போவதில்லை. ஆனால் வரும் ஞாயிறு முதல் இரண்டாம் வாசகம் இந்தியிலும் ஒலிக்கும். விசுவாசிகள் மன்றாட்டில் ஒன்றை அவ்விளைஞர் தம் தாய்மொழியான சாத்ரியில் ஏறெடுப்பார். நமக்கு அது விளங்காது. சில நொடிகள் நாம் அவருடைய இடத்தில் நிற்போம். மன்றாட்டு முடிந்ததும் உரக்க 'ஆமென்' சொல்லுங்கள். திருப்பலிக்குப் பின் கடைசி வரிசைக்குச் சென்று, ஒருவருடைய பெயரையேனும் கேட்டறியுங்கள்.

பெந்தக்கோஸ்து நாளில் ஒவ்வொருவரும் தத்தம் மொழியில் கேட்கச் செய்த தூய ஆவியார், நம் செவிகளையும் திறப்பாராக. ஆமென்.