சித்திரை வீதியில் ஒரு வங்கி

மதுரையில் ஒரு கட்டடத்தைப் பழையது என்று சொல்ல வாய் கூசும். தலையைத் தூக்கினால் கோபுரம் தெரிகிற ஊரில் எழுபது, எண்பது வருஷத்துச் சுவரை யார் மதிப்பார்கள்? வடக்குச் சித்திரை வீதி 33-ஆம் எண்ணை யாரும் பெரிதாகப் பேசாததற்கு இதுவும் ஒரு காரணம். பாங்க் ஆஃப் மதுராவின் பதிவு அலுவலக முகவரி அது. கருமுத்து தியாகராசச் செட்டியார் 1943-இல் தொடங்கிய வங்கி, 2001 மார்ச்சில் ஐசிஐசிஐ வங்கியோடு இணைந்து பெயர் இழந்தது. காகிதத்தில் இழந்த பெயரை ஊர் விடவில்லை. எங்கள் தெருப் பெரியவர்களுக்கு அது இன்றைக்கும் "மதுரா பேங்க்"தான்.

வங்கியைக் கொண்டுபோய்க் கோயில் மதிலுக்கு எதிரே வைத்ததில் எனக்கு ஆச்சரியம் இல்லை. ரங்கூன் மொகல் தெருவில் லேவாதேவி செய்த நகரத்தார்கள் மாதாமாதம் தங்கள் கோயிலில் கூடித்தான் நடப்பு வட்டியை முடிவு செய்தார்கள். சாமி சந்நிதியில் பேசிய வட்டியை வெளியே வந்து மாற்றிச் சொல்ல எவனுக்கும் தைரியம் வராது. 1942-இல் ஜப்பான் பர்மாவைப் பிடித்ததும் அந்தத் தொழில் குலைந்தது. மறு வருஷம் மதுரையில் இந்த வங்கி. இரண்டையும் நேராக முடிச்சுப் போட மாட்டேன். கருமுத்துவார் ஆலை முதலாளி, மீனாட்சி மில்காரர். அவர் கணக்கு வேறு. ஆனாலும் கடல் கடந்து கொடுத்து வாங்கிப் பழகிய ஒரு சமூகம் சொந்த ஊர்ப் பக்கம் முகம் திருப்பிய காலம் அது என்பதை மறந்துவிட்டு இந்த வங்கியின் கதையைச் சொல்ல முடியாது.

அந்தத் தலைமுறைக்கு வங்கி என்றால் பயம் உண்டு. பயத்துக்கு நியாயமும் உண்டு. 1906-இல் சென்னையில் ஆர்பத்நாட் கம்பெனி மஞ்சள் கடுதாசி கொடுத்தபோது எத்தனையோ குடும்பங்களின் சேமிப்பு அதோடு போயிற்று. 1938-இல் திருவாங்கூர் நேஷனல் அண்ட் குயிலான் வங்கி. 1960-இல் பாலா சென்ட்ரல் வங்கி. பணத்தைப் போட்டவனுக்கு வங்கியின் பேரேட்டைப் பார்க்க வழியில்லை, பார்த்தாலும் புரியாது. அவன் பார்க்க முடிந்தது சுவரைத்தான். சென்னைக் கடற்கரைச் சாலையில் பாங்க் ஆஃப் மெட்ராஸுக்காக நம்பெருமாள் செட்டி 1897-இல் கட்டி முடித்த செங்கல் மாளிகையை, இன்றைய ஸ்டேட் வங்கிக் கட்டடத்தை, இந்தக் கண்ணோடு பார்க்க வேண்டும். அந்த வளைவுகளும் கோபுரங்களும் வெறும் அழகுக்கு வைத்தவை என்று கட்டடக்கலைக்காரர்கள் சொல்லலாம். நான் அவற்றை உத்தரவாதப் பத்திரம் என்பேன். "இவ்வளவு கல்லையும் மரத்தையும் விட்டுவிட்டு ராத்திரியோடு ராத்திரியாக எங்கே ஓடப்போகிறான்?" என்று போடுகிறவனை நினைக்க வைக்கிற பத்திரம்.

என் பெரியப்பாவுக்குக் கீழ மாசி வீதியில் மளிகை மொத்த வியாபாரம். சாயங்காலம் வசூலை மஞ்சள் பையில் சுற்றி வைத்து, மறுநாள் காலையில் வங்கியில் கட்டுவார். சிறு பையனாக இருந்த என்னையும் சில நாள் கூட்டிப் போவார். இடுப்பளவுத் தேக்கு மேடை, அதன்மேல் கம்பி வலை, வலையில் ஒரு கை நுழையும் அளவுக்கு அரைவட்டத் திறப்பு. எண் பொறித்த பித்தளை வில்லையைக் கையில் கொடுத்து உட்காரச் சொல்வார்கள். விரல் பட்டுப் பட்டு அதன் ஓரம் மழுங்கியிருக்கும். பெரியப்பாவின் கண் மட்டும் உள்ளே பெட்டக அறைப் பக்கமே இருக்கும். பியூன் அந்த இரும்புக் கதவைத் திறக்கும்போது என் தொடையில் தட்டி, "கதவு கனத்தைப் பாருடா, ஒரு சாண் இருக்கும்" என்பார். வட்டி எத்தனை சதவீதம் என்று அவர் விசாரித்து நான் கேட்டதில்லை.

அந்தக் கதவின் வேலையைப் பிற்பாடு சட்டம் எடுத்துக்கொண்டது. பாலா வங்கி மூழ்கிய சூட்டில் 1962 ஜனவரியில் வைப்புத்தொகைக் காப்பீடு வந்தது. ஆரம்பத்தில் ஒருவருக்கு 1,500 ரூபாய் வரை. 2020-இலிருந்து 5 லட்சம். அதே சூட்டில்தான் சின்ன வங்கிகளைப் பெரிய வங்கிகளோடு சேர்க்கும் வேலையும் வேகமெடுத்தது. அந்த அறுபதுகளில் பாங்க் ஆஃப் மதுராவுக்குள் செட்டிநாடு மெர்க்கன்டைல் வங்கியும் இலஞ்சி வங்கியும் வந்து சேர்ந்தன. இலஞ்சி, குற்றாலத்துக்குப் பக்கத்து ஊர். அங்கே 1904-லேயே ஒரு வங்கி இருந்திருக்கிறது என்பதை இன்று சொன்னால் தென்காசிக்காரர்களே நம்புவார்களா தெரியவில்லை. ஆக, நாற்பது வருஷம் கழித்துத் தங்கள் வங்கியின் பெயர்ப் பலகை இறங்கியபோது மதுரைக்காரர்கள் பட்ட வருத்தத்தை, இலஞ்சிக்காரர்களுக்கு மதுரை முன்பே கொடுத்திருந்தது.

1969-இல் பதினான்கு வங்கிகள் அரசுடைமையானபோது காரைக்குடியில் வேர்விட்ட இந்தியன் ஓவர்சீஸ் வங்கி அதில் போயிற்று. 50 கோடி ரூபாய் வைப்பு என்ற கோட்டுக்குக் கீழே இருந்ததால் மதுரா பேங்க் தப்பியது. அந்த முப்பது வருஷமும் அதற்கு ஒரு தனிச் சௌகரியம் இருந்தது. முடிவெடுக்கிறவர்கள் நம் ஊரை அறிந்தவர்கள். நூல் விலை ஏறினால் செல்லூர்த் தறிக்காரன் ஏன் தவணை தவறுகிறான் என்று அவர்களுக்கு அறிக்கை எழுதிப் புரிய வைக்க வேண்டியதில்லை. கிராமத்துப் பெண்களின் சுயஉதவிக் குழுக்களுக்குத் துணிந்து கடன் கொடுத்த தனியார் வங்கிகளில் இது முன்னால் நின்றதும் இதனால்தான் என்று எனக்குப் படுகிறது. இணைப்பின்போது ஐசிஐசிஐக்குக் கிடைத்தவை 263 கிளைகளும் இந்தக் குழுக்களும். பங்குதாரர்களுக்கு ஒரு பங்குக்கு இரண்டு பங்கு. பங்கு வைத்திருந்தவர்களுக்குக் கசக்கவில்லை. கணக்கு வைத்திருந்தவர்களுக்கும் ஒரு காசு குறையவில்லை. 2020 நவம்பரில் கரூரின் லட்சுமி விலாஸ் வங்கி டிபிஎஸ் வங்கிக்குள் போனபோது பங்குதாரர் கையில் ஒன்றும் மிஞ்சாததைப் பார்த்தவர்களுக்கு, மதுரைக்கு வாய்த்தது நல்ல சாவு என்றே தோன்றும்.

பாரம்பரியக் கட்டடம் என்று பட்டியல் போடுகிறவர்கள் வயதையும் வளைவையும் பார்க்கிறார்கள். அந்தக் கணக்கில் 1943-இல் பிறந்த ஒரு வங்கியின் அலுவலகம் தேறாது. கோயிலைச் சுற்றி ஒரு கிலோமீட்டருக்குள் ஒன்பது மீட்டருக்கு மேல் கட்டக் கூடாது என்ற அரசாணை இருக்கிறது. கோபுரத்தை மறைக்கக் கூடாது என்பதற்காக வந்த ஆணை. சித்திரை வீதி வீடுகளும் கடைகளும் அடக்கமாக நிற்பதற்கு அதுதான் காவல். ஆனால் அது உயரத்தைத்தான் காக்கும். முகப்பில் அலுமினியத் தகடு அடித்து, தேக்குக் கதவைக் கழற்றிக் கண்ணாடி மாட்டினால் ஏன் என்று கேட்க அதில் வாசகம் இல்லை. நம் பக்கத்து ஊர்களில் எத்தனையோ பழைய வங்கிக் கிளைகள் இப்படித்தான் கைபேசிக் கடையின் சாயலுக்கு வந்துவிட்டன. பூட்டிக் காட்சிக்கு வைக்கச் சொல்கிறவன் நானில்லை. பழைய வங்கிக் கட்டடத்துக்கு ஆயுள் கெட்டி, அதில் வங்கி நடக்கிறவரை. சென்னைக் கடற்கரைச் சாலை மாளிகை நூறு வருஷத்துக்கு மேல் நின்றதற்கும் உள்ளே கவுன்டர் ஓடிக்கொண்டே இருந்ததுதான் பெரிய காரணம்.

எனக்குள்ள ஆசை சுவரைவிடக் காகிதத்தின் மேல். எந்தத் தறிக்கு எந்த வருஷம் கடன் போயிற்று, மேலூர்ப் பக்கம் எத்தனை கிணற்றுக்கு மோட்டார் வாங்கினார்கள், தெற்காவணி மூல வீதியில் எந்தப் பஞ்சத்தில் நகை அடகு ஏறியது என்பதெல்லாம் வங்கிப் பேரேடுகளில்தான் இருக்கும். கல்வெட்டில் தேடிக் கிடைக்காது. ஸ்டேட் வங்கி தன் பழைய ஏடுகளுக்குக் கொல்கத்தாவில் அருங்காட்சியகமே வைத்திருக்கிறது. ஊர்ப்பெயரோடு நடந்து மறைந்த வங்கிகளின் கணக்குகளையும், வாடிக்கையாளர் பெயர் வெளியே தெரியாதபடி, மதுரை காமராசர் பல்கலைக்கழக வரலாற்றுத் துறை கேட்டு வாங்கலாம். பழைய காகிதத்தை எடைக்குப் போடும் முன்பாகக் கேட்க வேண்டும், அவ்வளவுதான்.