சால மரத்தடியில் ஒரு பேரேடு

ஹௌராவிலிருந்து நாகபுரி வழியாக மும்பை செல்லும் இருப்புப்பாதையில் சக்ரதர்பூர் ஒரு பெரிய நிலையம். தென்கிழக்கு ரயில்வேயின் கோட்டத் தலைமையகம் இங்கே அமைந்திருப்பதால், நம்மவர் சிலரும் பிழைப்பை நாடி இவ்வூர் வந்து சேர்ந்திருக்கிறோம். அலுவலகம், குடியிருப்பு, சந்தை, ஸ்டேஷன் என்ற நான்கு இடங்களுக்குள்ளேயே என் எட்டு வருஷங்களும் கழிந்தன. ஊரைச் சூழ்ந்த குன்றுகளுக்கு அப்பால் மக்கள் எவ்வாறு வாழ்கின்றனர் என்பதை நான் எண்ணிப் பார்த்ததே இல்லை.

சென்ற ஆண்டு பங்குனியில், என்னுடன் பணிபுரியும் ஹோ இனத்து நண்பர் ஒருவர், "எங்கள் கிராமத்துப் பெண்களின் குழுவுக்குக் கணக்கெழுதி வந்தவள் மணமாகிப் போய்விட்டாள். புதியவள் பழகும் வரையில் ஞாயிறுதோறும் வந்து உதவுவீரா?" என்று கேட்டார். நானோ மெட்ரிக் மட்டும் தேறிய குமாஸ்தா. ஆயினும் பேரேடு எனக்குப் பழகிய பொருள், சம்மதித்தேன்.

சாய்பாசா சாலையில் ஆட்டோவில் சென்று, இறங்கி, வயல் வரப்பில் முக்கால் மணி நேரம் நடக்க வேண்டும். வழியெங்கும் இலுப்பைப் பூக்கள் உதிர்ந்து கிடந்தன. ஆலையில்லா ஊருக்கு இலுப்பைப் பூச் சர்க்கரை என்று நாம் பழமொழியாகச் சொல்வதை, இங்கே பெண்கள் விடியுமுன் கூடை கூடையாகப் பொறுக்கி உலர்த்துகின்றனர். "ஜோஹார்" என்று வரவேற்று, சால மரத்தடியில் எனக்கொரு பாய் விரித்தனர்.

இக்குழுக்களை இங்கே 'சகி மண்டல்' என்கின்றனர். நம் வீட்டுப் பெண்கள் போடும் சீட்டைப் போன்றதே இது. ஆனால் ஏலமும் தள்ளுபடியும் இல்லை. 12 பேர் வாரம் 10 ரூபாய் வீதம் சேர்த்தால் வாரத்துக்கு 120, ஆண்டுக்கு 6,240 ரூபாய். அதையே தமக்குள் கடனாகக் கொடுத்து வாங்குகின்றனர். வட்டி மாதம் நூற்றுக்கு 2. வட்டிக்கடைக்காரரோ நூற்றுக்கு 10 கேட்கிறார். 2,000 ரூபாய்க் கடனுக்கு இங்கே மாதம் 40, அங்கே 200! கணக்கு ஒழுங்காயிருந்தால் வங்கியும் குழுவுக்குக் கடன் தரும். நபார்டு வங்கி 1992இல் 500 குழுக்களை வைத்து இந்த ஏற்பாட்டைத் தொடங்கியது. அதற்கு முன்பே, 1989இல், நம் தர்மபுரி மாவட்டத்தில் இத்தகைய மகளிர் குழுக்கள் தோன்றிவிட்டன என்பது நமக்குப் பெருமை தரும் செய்தி.

ஆனி மாதம், மழைக்குச் சில நாட்களே இருந்தன. விதை நெல்லுக்கும் உழவுக்குமாக ஒருத்தி 3,000 ரூபாய் கேட்டாள். பேரேட்டைப் புரட்டிய நான், "வாரம் 200 வீதம் கட்டவேண்டிய பழைய கடனில் 4 தவணை பாக்கி" என்று வாசித்தேன். அவள் முகம் வாடிற்று. கட்டிவிட்டதாகச் சொன்னாள். "புத்தகத்தில் இல்லையே!" என்றேன், அலுவலக மிடுக்குடன். பாக்கிக்காரிக்குப் புதுக் கடனில்லை என்பது குழுவின் விதி. எல்லோரும் மௌனமாயினர்.

பணப்பெட்டியைக் காக்கும் கிழவி எழுந்து சென்று ஒரு சிறு துணி முடிச்சைக் கொண்டுவந்து அவிழ்த்தாள். எழுத்தறியாத அவள், ஒவ்வொருத்தி கட்டும் தவணைக்கும் ஒரு புளியங்கொட்டை என்று தனித்தனியே முடிந்து வைத்திருந்தாள். எண்ணினோம், 10 கொட்டைகள். 10 தவணையும் தீர்ந்திருந்தது. அதே பெயருள்ள வேறொருத்தியின் பக்கத்தில் 4 தவணைகளை எழுதிவைத்தவன் நானே! மொத்தத் தொகை சரியாயிருந்தபடியால் பிழை வெளிப்படவில்லை.

சிவப்பு மையால் அடித்துத் திருத்திக் கையெழுத்திட்டு, அவளிடம் மன்னிப்புக் கேட்டேன். கடன் அன்றே வழங்கப்பட்டது. கிழவி கோபிக்கவில்லை. "பாபு, எழுத்து உங்கள் கையில் இருக்கிறது, வயிறு எங்களிடம் இருக்கிறது. பார்த்து எழுதுங்கள்" என்றாள். மேலதிகாரிகளிடம் பெற்ற எந்தக் கண்டனமும் என்னை அவ்வளவு தைத்ததில்லை.

அன்று முதல் எழுதிய ஒவ்வொரு வரியையும் உரக்கப் படித்த பிறகே அடுத்த வரிக்குப் போவது என்று வழக்கமாக்கினோம். இப்போது புதியவளே திறம்பட எழுதுகிறாள். நான் மாதம் ஒருமுறை சரிபார்க்க மட்டும் செல்கிறேன். புளியங்கொட்டை முடிச்சுகளை மட்டும் கிழவி விட்டுவிடவில்லை. விட வேண்டாமென்று நானும் கேட்டுக்கொண்டேன்.

அன்பர்களே! நாம் பிழைக்க வந்த ஊர் நமக்குச் சோறிடுகிறது. ஞாயிற்றுக்கிழமையில் இரண்டு மணி நேரமும் ஒரு பேனாவும் அதற்கு நாம் திருப்பித் தரக்கூடிய சிறு தவணை. அப்படித் தரப் புறப்படுவோர், உடன் கொஞ்சம் பணிவையும் எடுத்துச் செல்வார்களாக.