வாளிச் சத்தம்

நாயைக் குளிப்பாட்டி நடுவீட்டில் வைத்தாலும் அதன் புத்தி போகாது என்பார்கள். நடுவீட்டில் வைப்பதைப் பற்றியும் புத்தியைப் பற்றியும் கவலைப்பட்ட முன்னோர், அந்தக் குளிப்பாட்டுதல் எப்படி நடந்தது என்று ஒரு வார்த்தை சொல்லி வைக்கவில்லை. எங்கள் மணியோடு ஐந்து வருடம் மல்லுக்கட்டிய பிறகு, பழமொழியின் முதல் பாதிதான் கடினமானது என்ற முடிவுக்கு வந்திருக்கிறோம்.

மணி எங்களிடம் வந்தது வெள்ளத்தில். 2015 டிசம்பர் 1 அன்று தொடங்கிப் பெய்த மழை, மறுநாள் காலைக் கணக்குப்படி தாம்பரத்தில் 49 செ.மீ. அடையாறு கரை மீறி முடிச்சூருக்குள்ளும் வரதராஜபுரத்துக்குள்ளும் புகுந்தது. நாங்கள் மாடியில் இருந்தோம். இரவெல்லாம் மாடிப்படியில் ஏதோ ஒரு குட்டி கத்திக்கொண்டிருந்தது எங்களுக்குக் கேட்டது. தெருநாய்தானே என்று இருந்துவிட்டோம். விடிந்ததும் டார்ச்சை அடித்துப் பார்த்தால், தண்ணீருக்கு மேல் மிஞ்சியிருந்த படியில், சுவரோடு சுவராக ஒட்டி நின்றுகொண்டிருந்தது. வால் நனைந்திருந்தது. படகு வந்தபோது தூக்கிக்கொண்டோம். அந்த இரவை நாங்கள் அதிகம் பேசுவதில்லை.

பிறகு அது வளர்ந்தது, தின்றது, தபால்காரரைக் குரைத்தது. குளியல் நாள் மட்டும் வேறு நாயாகிவிடும். வாளியை எடுக்கும் சத்தத்துக்கே கட்டிலடியில் போய்ப் பதுங்கும். இழுத்து வந்து, பின்கட்டுச் சன்னல் கம்பியில் கட்டி, ஒருவர் பிடிக்க ஒருவர் ஊற்றுவோம். ஒருநாள் கடித்துவிட்டது. யார் கயிற்றைப் பிடித்திருந்தது, யார் கை என்பதெல்லாம் இங்கே வேண்டாம், இருவருமாகத்தான் செய்தோம். வெறிநாய்த் தடுப்பூசிக்கு நடந்த நாட்களில்தான், அதை யாரிடமாவது கொடுத்துவிடலாமா என்ற பேச்சும் வீட்டில் எழுந்தது.

குளிப்பாட்டாமலும் விடமுடியாது. உண்ணி பற்றித் தோல் புண்ணாகியிருந்தது. மருத்துவர் எழுதிக்கொடுத்த மருந்து ஷாம்பு தோலில் பத்து நிமிடம் ஊறவேண்டுமாம். பத்து நிமிடம்! நம்முடைய ஷாம்புவைப் போட்டது வேறு தவறு. மனிதத் தோலின் அமிலத்தன்மை நாயின் தோலுக்குக் கிடையாது.

அந்தச் சமயத்தில்தான் பாவ்லோவைப் பற்றி வாசிக்க நேர்ந்தது. மணியடித்து எச்சில் ஊறவைத்தவர் என்ற அளவில் எல்லோருக்கும் தெரிந்தவர். 1924 செப்டம்பரில் லெனின்கிராடில் பெருவெள்ளம். அவருடைய ஆய்வுக்கூடத்து நாய்களை நீந்தவைத்துத்தான் கரைசேர்க்க வேண்டியிருந்தது. பின்னர் பார்த்தால், சில நாய்கள் பழகியிருந்ததையெல்லாம் இழந்துவிட்டிருந்தன. மெல்லத் தேறிய ஒரு நாயின் அறைக்குள், கதவிடுக்கு வழியாகச் சிறிது தண்ணீரைக் கசியவிட்டார்கள். அது மறுபடி நிலைகுலைந்தது. எங்களை நிறுத்தியது இன்னொரு தகவல். வழக்கமாக வெளியே நிற்கும் ஆய்வாளர் உள்ளே வந்து கூடவே இருந்தபோது, அந்த நாய்க்கு இழந்தது திரும்பியது.

நாங்கள் கூட இருந்ததே இல்லை. எதிரே நின்றிருந்தோம்.

பதினைந்து நாள் தண்ணீரே இல்லாமல் ஆரம்பித்தோம். காலி வாளியைப் பின்கட்டில் வைத்து அதன் பக்கத்தில் தரையில் உட்கார்ந்துகொள்வது, அவ்வளவுதான். வாளியருகே வந்தால் வேகவைத்த கோழித் துண்டு. வராவிட்டால் நாங்கள் பேசிக்கொண்டிருப்போம். கயிறு கிடையாது. வழவழத்த சிமெண்டுத் தரையில் கால் வழுக்குவதே பாதிப் பயம் என்று தாமதமாகத்தான் புரிந்தது. சாக்கை மடித்து விரித்தோம். பிறகு ஈரத்துணியால் துடைத்தல். பிறகு மொட்டைமாடி வெயிலில் வெதுவெதுப்பான தண்ணீர், ஒரே ஒரு குவளை, பின்னங்காலில். சத்தம் வராமல் உடம்போடு ஒட்டி வழியவிட வேண்டும். தலையில் ஊற்றுவதேயில்லை, துணிதான். காதில் தண்ணீர் போனால் அது தனி வைத்தியம். உதட்டை நக்கினாலோ, தூக்கமில்லாமல் கொட்டாவி விட்டாலோ அன்றைக்கு அதோடு சரி. அது அலட்சியமல்ல, அச்சம் என்பதை வெகுநாள் நாங்கள் அறிந்திருக்கவில்லை.

முழுக் குளியலுக்கு மூன்று மாதம் ஆயிற்று. ஷாம்பு ஊறும் பத்து நிமிடமும் ஒருவர் சாக்கில் கூடவே உட்கார்ந்து, நனைந்து, கழுத்தைச் சொறிந்துகொண்டிருப்போம். அக்கம்பக்கத்தில் சிரித்தார்கள். சிரிக்கத்தக்க காட்சிதான்.

எல்லாம் சரியாகிவிட்டது என்று எழுத ஆசை. ஆனால் மேல்நிலைத் தொட்டி நிரம்பி வழியும் ஓசை கேட்டால் மணி இன்றும் மாடிப்படிக்கு ஓடி, உயரமான படியில் போய் நிற்கும். மோட்டாருக்குத் தானாக நிற்கும் கருவி பொருத்தினோம். ஐப்பசி, கார்த்திகை அடைமழைக்கு என்ன பொருத்துவது? அந்த இரவுகளில் இருவரில் ஒருவர் பாயை எடுத்துக்கொண்டு படியருகில் படுத்துவிடுகிறோம்.

இப்போது அதற்குப் பத்து வயது தாண்டிவிட்டது. முகவாய் நரைத்து, காதும் சற்று மந்தம். போன ஞாயிற்றுக்கிழமை வாளியை எடுத்தபோது திரும்பிக்கூடப் பார்க்கவில்லை. பழகிவிட்டதா, கேட்கவில்லையா தெரியவில்லை. சாக்கை விரித்து உட்கார்ந்தோம். சற்று நேரம் கழித்து எழுந்து வந்தது.