சொல்லின் முதலொலி

ஹைதராபாத்தில் மொழியியல் ஆய்வு செய்யும் மாணவி ஒருவரின் களக் குறிப்பேட்டில் ஒரு பக்கம் முழுவதும் சிவப்பு மையால் அடிக்கப்பட்டிருக்கிறது. அதில் 31 சொற்கள் உள்ளன. ஒவ்வொன்றுக்கும் எதிரே ‘பேசுநர் மறுத்தார்’ என்று எழுதி, பின்னர் அந்தக் குறிப்பையே அவர் அடித்திருக்கிறார். பிழை மொழியில் இல்லை, பேசியவரிடமும் இல்லை. புதிய கைப்பேசியில் ஹெட்போன் செருகும் துளை இல்லை என்பதிலிருந்துதான் எல்லாம் தொடங்கியது.

அவர் ஆராய்வது கொலாமி மொழியை. தெலங்கானாவின் ஆதிலாபாத் பகுதியிலும் மகாராஷ்டிரத்தின் யவத்மால் பகுதியிலும் பேசப்படும் நடுத் திராவிட மொழி அது. எமனோ அதைப் பற்றி எழுதிய நூல் 1955இல் வெளிவந்தது. தமிழைப் போலவே அதிலும் குறில் நெடிலானால் பொருள் மாறும். ஆகவே பதிவுசெய்த சொற்களைத் தனித்தனியாக வெட்டி, பேசியவரிடமே மீண்டும் போட்டுக்காட்டி ஒப்புதல் பெற்ற பிறகே தரவில் சேர்ப்பது அவர் வழக்கம். ஒரு கம்பியை இரண்டாகப் பிரிக்கும் இணைப்பில் இரண்டு ஹெட்போன்களைச் செருகி, ஒன்றை அவ்வாவிடம் கொடுப்பார். மற்றொன்றைத் தாம் அணிந்துகொள்வார். இருவரும் ஒரே நொடியில் ஒரே ஒலியைக் கேட்பார்கள்.

பழைய கைப்பேசி பழுதாகி, வாங்கிய புதியதில் 3.5 மில்லிமீட்டர் துளை இல்லை. 2016இல் ஐபோன் 7 அதைக் கைவிட்டது. அடுத்து வந்த ஆண்டுகளில் பெரும்பாலான நிறுவனங்களின் விலையுயர்ந்த கைப்பேசிகளிலிருந்தும் அது மறைந்தது. கோட்டியில் ஒரு கடையில் மலிவான டைப்-சி அடாப்டர் ஒன்றை அவர் வாங்கினார். தோழியின் கைப்பேசியில் செருகிப் பார்த்தபோது ஒலி கேட்டது. அதை நம்பிப் பையில் போட்டுக்கொண்டு களத்துக்குப் புறப்பட்டார்.

அங்கே அவருடைய கைப்பேசியில் செருகியபோது ஒலியே வரவில்லை. அடாப்டர் கெட்டுப்போகவில்லை. இவ்வகை அடாப்டர்களில் இரண்டு இனங்கள் உண்டு. ஒன்று வெறும் கம்பி இணைப்பு. கைப்பேசியே ஒலியை அனலாக் மின்னலையாக டைப்-சி முனைகளின் வழியே அனுப்பினால்தான் அது வேலை செய்யும். பல கைப்பேசிகள் அவ்வாறு அனுப்புவதில்லை. எண்ம வடிவில் மட்டுமே ஒலியைத் தரும். அவற்றுக்கு, எண்களை மீண்டும் மின்னலையாக மாற்றும் ‘டிஏசி’ என்ற சில்லு அடாப்டருக்குள்ளேயே இருக்க வேண்டும். வெளித்தோற்றத்தில் இரண்டுக்கும் வேறுபாடு தெரியாது.

தகரக் கூரையில் மழை அடித்துக்கொண்டிருந்தது. கைப்பேசியின் ஒலிபெருக்கி எடுபடவில்லை. பதிவுக் கருவியில் ஹெட்போன் துளை இருந்தது; ஆனால் வெட்டிய சொற்கள் கைப்பேசியில் இருந்தன. அவ்வாவின் பேரன் தன் புளூடூத் நெக்பேண்டைக் கழற்றிக் கொடுத்தான். அதை அவ்வாவின் இரு காதுகளிலும் பொருத்தி, ஒவ்வொரு சொல்லாகப் போட்டார் மாணவி. அவருக்கு எதுவும் கேட்கவில்லை. அவ்வாவின் முகத்தை மட்டுமே பார்த்துக்கொண்டிருந்தார்.

“பிட்டா, இது நான் சொன்ன சொல் இல்லை” என்றார் அவ்வா. அடுத்த சொல்லுக்கும் அதையே சொன்னார். நினைவு தளர்ந்துவிட்டது போலும் என்று மாணவி நினைத்தார். அந்த நினைப்போடுதான் 31 சொற்களுக்கும் எதிரே மறுப்பைக் குறித்துக்கொண்டார்.

விடுதிக்குத் திரும்பி, கணினியில் கம்பி ஹெட்போனைச் செருகிக் கேட்டபோது எல்லாச் சொற்களும் தெளிவாக இருந்தன. ஐயம் எழவே, தோழியின் புளூடூத் ஹெட்போனை வாங்கிக் கைப்பேசியுடன் இணைத்துக் கேட்டார். சொற்களின் தலை காணாமற்போயிருந்தது. ஒலி இல்லாத இடைவெளிகளில் பல புளூடூத் கருவிகள் மின்சாரத்தைச் சேமிக்க உறங்கிவிடும். புதிய ஒலி வந்து அவை விழிப்பதற்குள் அதன் தொடக்கம் கடந்துவிடும். பாட்டுக் கேட்பவர் இதை உணரமாட்டார். ஆனால் அரை நொடிச் சொல்லில் முதல் மெய்யெழுத்து தெறிக்கும் கணம் சில மில்லிநொடிகளே. அதுவும் அதையடுத்த உயிரின் ஒரு பகுதியும் போனால், நெடில் குறிலாகிவிடும். அவ்வாவின் காதில் விழுந்தவை உண்மையிலேயே அவர் சொல்லாத சொற்கள்.

அந்தப் பட்டியல் அப்படியே ஆய்வேட்டில் சேர்ந்திருந்தால், தம் தாய்மொழியில் தடுமாறும் முதியவர் என்று அவ்வா பதிவாகியிருப்பார். அதை மறுத்து எழுத அவரால் இயலாது. இந்த எண்ணமே மாணவியை அடுத்த மாதம் மீண்டும் பேருந்து ஏற வைத்தது.

இம்முறை டிஏசி சில்லு கொண்ட அடாப்டர்கள் இரண்டை எடுத்துச் சென்றார். தொலைந்தால் மாற்று வேண்டும். இரண்டையும் தம் கைப்பேசியிலேயே செருகிச் சோதித்திருந்தார். அடாப்டர் செருகியிருக்கும்போது சார்ஜ் ஏற்ற முடியாது என்பதால் கைப்பேசியை முன்னரே முழுதாக நிரப்பிக்கொண்டார். முன்னெச்சரிக்கையாகச் சொற்களைப் பதிவுக் கருவியின் அட்டையிலும் ஏற்றினார். பழைய பிரிப்புக் கம்பியும் பையில் இருந்தது.

1979இல் சோனி வெளியிட்ட முதல் வாக்மேனில் இரண்டு ஹெட்போன் துளைகள் இருந்தன. இசைக்கு நடுவே கேட்பவர்கள் இருவரும் பேசிக்கொள்ள ஒரு பொத்தானும் இருந்தது. தனியாகக் கேட்பதற்கென்று பெயர்பெற்ற கருவியிலேயே இன்னொருவருக்கு இடம் ஒதுக்கியிருந்தார்கள். களத்தில் அந்த இரண்டாவது காது எவ்வளவு இன்றியமையாதது என்பதை மாணவி ஒரு பக்கத்தை அடித்துக் கற்றுக்கொண்டார்.

அன்று இருவரும் சேர்ந்து கேட்டார்கள். 29 சொற்களை அவ்வா ஏற்றார். இரண்டை மறுத்து, தாமே சரியாகச் சொல்லிக்காட்டினார். மாணவி வெட்டும்போது பக்கத்துச் சொல்லின் ஒலி அவற்றில் சேர்ந்துவிட்டிருந்தது. அந்த இரண்டு மறுப்புகள் மட்டும் குறிப்பேட்டில் அடிக்கப்படாமல் இருக்கின்றன.