வண்டியில் ஒரு ஃபிரிட்ஜ்



மத்தேயு 25-ஆம் அதிகாரத்தில் உள்ள பத்துக் கன்னிகைகளின் உவமையை வாசிக்கும்போதெல்லாம் சபையில் யாராவது ஒருவர் கேட்பதுண்டு: கேட்டவர்களுக்கு எண்ணெய் கொடுக்க மறுத்தவர்களை ஆண்டவர் எப்படிப் புத்தியுள்ளவர்கள் என்றார்? இந்த வாரம் ஒரு வேனின் பேட்டரியைப் பற்றிப் பேசிக்கொண்டிருந்தபோது அந்தக் கேள்வி எனக்குச் சற்றுத் தெளிவாயிற்று.

கேரள அரசு 2021-இல் கேரவன் சுற்றுலாக் கொள்கையை அறிவித்தது. வண்டியிலேயே சமைத்து, வண்டியிலேயே உறங்கிப் பயணம் செய்யும் ஆசை நம் சபைக் குடும்பங்கள் சிலவற்றிலும் தென்படுகிறது. மே மாதப் பயணத்தைப் பற்றிப் பேசியபோது, இன்சுலின் போட்டுக்கொள்ளும் ஒரு தாயார், "மருந்தை எங்கே வைப்பது ஐயா? நான் வீட்டிலேயே இருந்துகொள்கிறேன்" என்றார். பிறருக்குச் சுமையாகிவிடக் கூடாதென்று ஒதுங்கும் குரல் அது. அவரை விட்டுவிட்டுப் போக எனக்கு மனமில்லை. ஆகவே இதை விவரமாகவே எழுதுகிறேன்.

திறக்காத இன்சுலினை 2 முதல் 8 டிகிரி செல்சியஸில் வைக்க வேண்டும். திறந்து பயன்படுத்தும் மருந்து, வகையைப் பொறுத்து, 25 அல்லது 30 டிகிரிக்கு மேற்படாத இடத்தில் ஏறக்குறைய நான்கு வாரம் தாங்கும். ஆனால் மே மாத வெயிலில் கரூர்ச் சாலையோரம் நிறுத்திய வேனுக்குள் 30 டிகிரியை எங்கே தேடுவது? பனிக்கட்டியின்மேல் வைத்தால் உறைந்து கெடும். மலிவாகக் கிடைக்கும் தெர்மோஎலக்ட்ரிக் பெட்டிகளோ வெளி வெப்பத்திலிருந்து ஏறத்தாழ 20 டிகிரிதான் குறைக்கும். கம்ப்ரஸர் உள்ள 12 வோல்ட் ஃபிரிட்ஜே நம் ஊர் வெயிலுக்கு ஏற்றது.

அது ஓடும்போது சுமார் 50 வாட், அதாவது நான்கு ஆம்பியர் சொச்சம் இழுக்கும். வெயிற்காலத்தில் நாளின் பாதி நேரம் ஓடுவதாகக் கொண்டால் ஒரு நாளைக்கு ஐம்பது ஆம்பியர்-மணி. 100 ஆம்பியர்-மணி லெட்-ஆசிட் பேட்டரியில் பாதிக்குமேல் எடுத்தால் அதன் ஆயுள் குறையும். ஆகவே ஒரு நாள் கணக்குச் சரியாய்ப் போயிற்று. கூரையில் 100 வாட் சோலார் பலகை வைத்தால் நல்ல வெயிலில் முப்பது ஆம்பியர்-மணி திரும்பக் கிடைக்கும். 2012-இன் மின்வெட்டில் ஜெனரேட்டரோடு போராடிய பனியன் கம்பெனிக்காரர்களுக்கு இந்தக் கணக்கு புதிதல்ல.

முக்கியமானது இனிமேல்தான். வண்டியை ஸ்டார்ட் செய்யும் பேட்டரியிலிருந்தே ஃபிரிட்ஜுக்கு மின்சாரம் எடுத்தால், இரவு முழுவதும் மருந்து குளிர்ந்திருக்கும். காலையில் வண்டி கிளம்பாது. அதனால் இரண்டாவது பேட்டரி ஒன்றை வைத்து, நடுவில் ஐசோலேட்டரைப் பொருத்துகிறார்கள். என்ஜின் ஓடும்போது அது இரண்டையும் இணைத்து, இரண்டுக்கும் சார்ஜ் ஏற விடும். என்ஜின் நின்றதும் பிரித்துவிடும். (புதிய வண்டிகள் பலவற்றுக்கு இதற்குப் பதிலாக டிசி-டிசி சார்ஜர் வேண்டும், எலக்ட்ரீஷியனைக் கேட்டுக்கொள்ளுங்கள்.)

அந்தப் பிரிப்பைக் கஞ்சத்தனம் என்று யாரும் சொல்வதில்லை. பிரிக்காவிட்டால் ஃபிரிட்ஜும் நின்றுபோகும், வண்டியும் நின்றுபோகும், மருந்தும் கெடும். தீவட்டிக்காரர்கள் எண்ணெயைப் பங்கிட்டிருந்தால் மணவாளன் வரும் வேளையில் பத்துத் தீவட்டிகளும் அணைந்திருக்கும் என்றே இப்போது வாசிக்கிறேன். பவர் டேபிளில் ஓவர்டைம் முடித்து வந்து, படுக்கையிலிருக்கும் மாமியாரைக் கவனித்து, பக்கத்து வீட்டுப் பிள்ளைகளுக்கும் சமைத்துப் போட்டு, ஞாயிறு காலை ஆராதனையில் தூங்கிவிட்டதற்காக என்னிடம் மன்னிப்புக் கேட்கும் சகோதரிகளே, நீங்கள் மன்னிப்புக் கேட்க வேண்டியதில்லை. இரவில் இணைப்பைப் பிரியுங்கள். உங்கள் வீட்டார் ஒரு வேளைச் சோற்றைத் தாங்களே வடித்துக்கொள்ளட்டும்.

பயணம் வருகிறவர்களுக்கு: புறப்படுவதற்கு முந்தின இரவே வீட்டு மின்சாரத்தில் ஃபிரிட்ஜைக் குளிரவைத்துவிடுங்கள், வெப்பமாயிருப்பதைக் குளிர்விக்கத்தான் பேட்டரி அதிகம் செலவாகும். பேட்டரியிலிருந்து போகும் ஒயர் தடிமனாக இருக்கட்டும். மெல்லிய ஒயரில் வோல்டேஜ் இறங்கி, பேட்டரி நிறைந்திருக்கையிலேயே ஃபிரிட்ஜ் அணைந்துவிடும். உள்ளே ஒரு சிறு வெப்பமானி வையுங்கள். வண்டியைப் புளியமர நிழலில் நிறுத்துங்கள். சோலார் பலகைக்கு மட்டும் நீளமான ஒயர் இருந்தால் அதை வெயிலில் வைத்துக்கொள்ளலாம்.