பெட்டிக்குள் ஒரு தையல் கடை

செவ்வாய்

காலனி நலச்சங்கக் கூட்டத்துக்கு வருகிறவர்களின் கிழிந்த துணிகளை அங்கேயே உட்கார்ந்து தைத்துக் கொடுப்பது என்று முடிவாகிவிட்டது. எந்த மெஷின் என்பதில்தான் பேச்சு நீண்டது. மோட்டார் வைத்தால் கூட்டம் நடக்கும் வேப்பமரத்தடியில் கரண்டுக்கு எங்கே போவது? மிதி மெஷினின் வார்ப்பிரும்பு ஸ்டாண்டைத் தூக்கவே இரண்டு ஆள் வேண்டும். கை மெஷின்தான் சரி. வலது கை கைப்பிடியைச் சுற்ற, துணியை இடது கை ஒன்றே நகர்த்த வேண்டும், வேகம் குறையும். குறையட்டும். ஊசி இறங்கி ஏறுவதைப் பக்கத்தில் நிற்கும் பிள்ளை கண்ணால் பார்க்கலாம்.

வெள்ளி

ஆசாரி அண்ணன் பட்டறையில் பொழுது போனதே தெரியவில்லை. மெஷினை வைக்க ஒரு மடக்கு மேசை: 12 மி.மீ. பிளைவுட், மடக்குக் கால்கள், பெட்டி மாதிரி மூடிக்கொள்ளும் மூடி. சாதாரண மேசை 30 அங்குல உயரம். அதன்மேல் கை மெஷினின் மரப்பலகையும் ஏறினால் தோள் தூக்கிக்கொள்ளும், கொஞ்ச நேரத்தில் கழுத்து பிடித்துவிடும். 26 அங்குலம் போதும் என்றேன். “உக்காந்து காட்டு தங்கச்சி, அப்புறம் வெட்டுறேன்” என்று முக்காலியை நகர்த்திப் போட்டார். முழங்கை மடங்கும் இடத்தைப் பார்த்து மேசைக் காலில் பென்சிலால் கோடு போட்டார். கைப்பிடியைச் சுற்றும்போது மேசை பக்கவாட்டில் ஆடியது. பின்னால் ஒரு குறுக்குச் சட்டம் அடித்ததும் நின்றுவிட்டது.

மடக்கி எடுத்துப்போகும் கருவி என்றால் எனக்கு காந்தியின் எரவாடா பெட்டி ராட்டைதான் முன்மாதிரி. சக்கரங்களைப் படுக்கவைத்து, முழு ராட்டையையும் ஒரு பெட்டிக்குள் அடக்கிய வேலை அது. எல்லா இயந்திரங்களையும் எதிர்க்கிறீர்களா என்று 1924-ல் ஜி. ராமச்சந்திரன் கேட்டபோது, அதே காந்தி விதிவிலக்காகச் சொன்னது சிங்கர் தையல் மெஷினைத்தான். அந்த ராமச்சந்திரனும் டாக்டர் சௌந்தரமும் சேர்ந்துதான் 1947-ல் எங்கள் திண்டுக்கல் பக்கம் காந்திகிராமத்தைத் தொடங்கினார்கள்.

சனி

பெட்டி கட்டினேன். ஊசியைக் கழற்றி, துண்டுத் துணி ஒன்றை வைத்து அதன்மேல் மெஷினின் அழுத்து காலை இறக்கி, கைப்பிடியைக் கயிற்றால் கட்டியாயிற்று. பருத்திக்கு 14-ஆம் எண், ஜீன்ஸுக்கு 16, 18-ஆம் எண் ஊசிகள். பாபின், கொக்கி, பட்டன், ஜிப் ரன்னர், குறடு.

ஞாயிறு

கூட்டத்தில் அதிகம் வந்தவை பள்ளிக்கூடப் பைகள். பல் நன்றாக இருந்தும் ஜிப் வாய் பிளந்துகொள்கிறது. தேய்ந்த ரன்னரின் பின்பக்க இரு ஓரத்தையும் குறடால் இலேசாக நெருக்கினால் போதும், பல் பல்லோடு சேர்ந்துவிடும். மெஷினே தேவையில்லை. புதுப் பை வாங்கப் பணம் எடுத்து வைத்திருந்த ஒரு அம்மா, தன் கையாலேயே குறடை அழுத்திப் பார்த்துவிட்டுப் போனார்.

அடுத்த கூட்டத்துக்கு வருகிறவர்களுக்கு ஒரு வேண்டுகோள்: துணியைத் துவைத்துக் காயவைத்துக் கொண்டு வாருங்கள். பேண்ட் நீளத்தைக் குறைத்தபோது வெட்டிய துண்டு வீட்டில் இருந்தால் அதையும் எடுத்து வாருங்கள். ஒட்டுப் போட அதைவிடப் பொருத்தமான துணி கடையில் கிடைக்காது.