மெட்டில்லாத கண்ணாடி

தோடியின் காந்தாரத்தால் வந்த பைத்தியம் இது. அந்த ஸ்வரம் ஓரிடத்தில் நிற்காது. ரிஷபத்துக்குப் பக்கத்தில் கிளம்பி மத்யமத்தைத் தொட்டுவிட்டுத் திரும்பும். கீபோர்டில் அதை வாசிக்க, இடது ஓரத்தில் இருக்கும் பிட்ச் பெண்ட் சக்கரம்தான் கதி. கே. சத்யநாராயணன் அந்தச் சக்கரத்தை வைத்துக்கொண்டே ராகத்தை முழுசாகக் கொண்டுவந்துவிடுகிறார். என் கட்டைவிரலுக்கு அந்த வித்தை வரவில்லை. விட்டால் நடுவுக்கு ஓடிப்போகிற ஸ்பிரிங்கோடு பல வருஷம் மல்லுக்கட்டிவிட்டு, வீட்டில் சும்மா கிடந்த பத்தங்குல டேப்லெட்டை எடுத்துக் கீபோர்டின் பக்கத்தில் வைத்தேன்.

டச்ஓஎஸ்சி என்ற செயலி 2008-லிருந்து இருக்கிறது. வெற்றுத் திரையில் பட்டனோ ஃபேடரோ நீங்களே வரையலாம். எதைத் தொட்டால் எந்தச் செய்தி போகவேண்டும் என்பதையும் நீங்களே முடிவு செய்யலாம். அதற்கும் முன்னால், 2005-ல், பிரான்ஸின் ஜாஸ்மியூட்டன்ட் நிறுவனம் லெமூர் என்ற தொடுதிரைப் பெட்டியை இதற்கென்றே கொண்டுவந்தது. டாஃப்ட் பங்க் இசைக்குழுவினர் அதை மேடையில் வைத்திருந்தார்கள். நாங்கள் படத்தில் பார்த்துப் பெருமூச்சு விட்டோம். ஐபேட் வந்த பிறகு அந்தப் பெட்டிக்கு வேலையில்லாமல் போயிற்று.

கையில் கிடைத்ததும் எல்லோரும் செய்கிற தப்பை நானும் செய்தேன். கோட்டூர்புரம் அண்ணா நூற்றாண்டு நூலகத்தில் கிராஃப் தாளோடு உட்கார்ந்து, ஒரே திரையில் நாற்பது கட்டுப்பாடுகள் வரைந்தேன். பார்க்க விமானி அறை மாதிரி இருந்தது. வாசிக்கத்தான் முடியவில்லை.

அதைவிடப் பெரிய தப்பு கணக்கில். கருவிகள் ஒன்றோடொன்று பேசிக்கொள்ளும் மிடி 1983-ல் வந்தபோது சாதாரணக் கட்டுப்பாடுகளுக்கு ஏழு பிட்தான் ஒதுக்கினார்கள்: 0 முதல் 127 வரை 128 படிகள். ஒரு ஸ்தாயிக்கு 1200 சென்ட். அதை இந்தப் படிகளில் பிரித்தால் ஒரு படிக்கு ஒன்பது சென்ட்டுக்கு மேல் விழும். ஜாரு இழுத்தால் யாரோ மாடிப்படி இறங்குகிற மாதிரி இருந்தது. பிட்ச் பெண்டுக்கு மட்டும் 14 பிட், அதாவது 16,384 படிகள். செய்தியை அதற்கு மாற்றியதும் படிக்கட்டு மறைந்தது. கீபோர்டிலும் பெண்ட் அளவை மேலே ஆறு, கீழே ஆறு அரைஸ்வரம் என்று மாற்றவேண்டும். பெரும்பாலான கருவிகளில் அது இரண்டில் இருக்கும். மாற்ற மறந்தால் பஞ்சமம் எங்கோ போய் நிற்கும்.

இப்போது என் திரையில் முக்கியமாக இருப்பது இருபது சென்டிமீட்டர் நீளப் பட்டை ஒன்று. இடது நுனி ஷட்ஜம், வலது நுனி மேல் ஷட்ஜம். ஓர் அரைஸ்வரத்துக்குப் பதினாறு, பதினேழு மில்லிமீட்டர் கிடைக்கிறது. இரண்டு ஸ்தாயி வைத்துப் பார்த்தேன். விரல் நுனியே ஓர் அரைஸ்வரத்தை மூடிக்கொண்டது. வலது கை எப்போதும் ஒரே சாவியைத்தான் அழுத்தும், பட்டையின் நடுவில் வரும் பிரதி மத்யமத்தை. அது மீட்டு. இடது கை பட்டையில் ஓடும். வீணைக்காரர்களின் வேலைப் பிரிவினை இது. ஆனால் மெட்டு இல்லாததால் சித்திரவீணை என்கிற கோட்டுவாத்தியத்துக்குத்தான் நெருக்கம். “கோட்டூர்புரத்துல கோட்டுவாத்தியமா!” என்று மிருதங்கக்கார நண்பர் கேலி செய்தார்.

மெட்டு இல்லை என்பதுதான் பெரும்பாடு. கண்ணாடியில் எங்கே தொட்டாலும் ஒரே வழுவழுப்பு. ஷட்ஜம் எங்கே என்று கண்தான் சொல்லவேண்டும். கண் திரையில் இருந்தால் காது பாதிதான் வேலை செய்கிறது. கடைசியில் அம்மாவின் ஸ்டிக்கர் பொட்டு அட்டை உதவியது. பட்டைக்கு மேலே விளிம்பில் பெரிய பொட்டு ஷட்ஜத்துக்கு, சிறியது பஞ்சமத்துக்கு. அந்த வெல்வெட் சொரசொரப்பு விரலுக்குத் தெரிகிறது. டேப்லெட்டைப் பார்த்து அம்மா, “இதுக்கு எப்பக் கல்யாணம்?” என்று கேட்டாள்.

விரல் நின்றதும் பக்கத்து ஸ்வரத்துக்குத் தானே போய் ஒட்டிக்கொள்கிற மாதிரி ஒரு ஸ்கிரிப்ட் எழுதியும் பார்த்தேன். சுருதி சுத்தமாக இருந்தது, ராகம் செத்துப்போயிற்று. ஸ்வரம் வளையாத ஹார்மோனியத்தை அகில இந்திய வானொலி 1940-ல் தடை செய்தது, 1971 வரை அது நீடித்தது. அந்தத் தடையில் எனக்கு உடன்பாடில்லை. ஆனாலும் தடை கேட்டவர்களின் காது எதைக் கேட்டு முகம் சுளித்தது என்று அன்றைக்குப் புரிந்தது. ஸ்கிரிப்டை அழித்துவிட்டேன்.

இன்னொரு குறைக்கு இதுவரை மருந்து கிடைக்கவில்லை. வீணையில் காந்தார மெட்டில் தந்தியை இழுத்து மத்யமத்துக்குப் போகும்போது தந்தி எதிர்க்கிறது. இழுக்க இழுக்கக் கனக்கிறது. எவ்வளவு தூரம் வந்தோம் என்று அந்தக் கனம்தான் கைக்குச் சொல்கிறது. கண்ணாடி எதிர்ப்பதே இல்லை, கை மத்யமத்தைத் தாண்டி வழுக்கிப் போகிறது. என் கண்ணாடிக்கு அழுத்தமும் தெரியாது. ஏ.ஆர். ரஹ்மான் ‘டெல்லி 6’ படத்தில் வாசித்த கன்டினியம் என்ற கருவி அழுத்தத்தை உணரும். எனக்குக் காலடியில் ஒரு வால்யூம் பெடல்தான்.

ஐபேடில் ஜியோஷ்ரெட் செயலியை வைத்து மகேஷ் ராகவன் வாசிப்பதைக் கேட்டவர்கள், இதெல்லாம் ஏற்கெனவே இருக்கிறதே என்பார்கள். இருக்கிறது, பிரமாதமாகவும் இருக்கிறது. எனக்கு வேண்டியது என் பழைய கீபோர்டின் குரல். அதோடு, சுருதிக்கு சி, டி என்று போடாமல் ஒரு கட்டை, ஒண்ணரைக் கட்டை, ஐந்து கட்டை என்று எண் போட்ட பட்டன்கள். பாடகி வந்து “அஞ்சரைக் கட்டை” என்றால் யோசிக்காமல் தட்டிவிடுகிறேன்.

முன்பு பட்டைக்குக் கீழே ஃபேடர்கள் வரிசையாக இருந்தன. ஒரு கச்சேரியில் நான்கை ஒரே சமயத்தில் இறக்கப்போக, திரை சட்டென்று மூடி முகப்புப் பக்கம் வந்து நின்றது. நான்கைந்து விரல் சேர்ந்து கிள்ளினால் செயலியை மூடு என்று அர்த்தமாம். அதை முன்பே அணைத்து வைக்காதது என் தப்பு. பாடகர் சமாளித்தார், நான் வியர்த்தேன். வியர்வை வேறு தொடுதிரைக்கு ஆகாது. அடையாற்றுப் பக்கத்துப் புழுக்கத்தில் விரல் ஒட்டும். வீணைக்கு எண்ணெய் என்றால் இதற்கு முகப்பவுடர்.

வைஃபையை மேடையில் நம்புவதில்லை. செயலி அனுப்பும் ஓஎஸ்சி செய்திகள் பெரும்பாலும் யுடிபி என்ற முறையில் போகும்; போய்ச் சேர்ந்ததா என்று அது திரும்பிப் பார்க்காது. அடுக்குமாடியில் இருபது வீட்டு வைஃபைக்கு நடுவே கமகம் ஒருமுறை முந்தும், ஒருமுறை பிந்தும். ஒரே சீரான தாமதத்துக்குக் கை பழகிவிடும், இதற்குப் பழகாது. யுஎஸ்பி கேபிள் போட்டபின் அந்தத் தொல்லை இல்லை.

செய்து பார்க்க ஆசைப்படுகிறவர்கள் முதலில் ஒரே ஒரு பட்டை வரைந்து, ஒரு மாதம் அதை மட்டும் வாசியுங்கள். இரண்டாவதை அதற்குப் பிறகு வரையலாம்.